மார்பகப் புற்றுநோயும் வாழ்க்கைத்தரமும்: பண்பாட்டின் பங்கு எவ்வளவு?

இந்திய மாநிலங்களில் மக்கள் நீண்ட ஆயுளோடு வாழும் மாநிலம் என்று பெயர் பெற்றது கேரளம். ஆனால் வீடு வீடாகப் போய் ‘உடம்புக்கு ஏதாவது உண்டா?’ என்று கேட்டால், நோய் இருப்பதாக அதிகம் பேர் சொல்வதும் அங்கேதான். ஆயுளும் மருத்துவ வசதியும் குறைந்த பிஹாரில் அப்படிச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அமெரிக்கர்களோ இதில் கேரளத்தையும் மிஞ்சிவிடுகிறார்கள். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த முரணை எடுத்துக்காட்டினார். பிஹார் மக்கள் எதையும் மறைத்துப் பேசவில்லை. மருத்துவரைப் பார்க்க வழியில்லாமல் காலம் தள்ளுகிறவருக்குத் தம்முடைய களைப்பும் மூச்சிரைப்பும் நோயாகத் தெரிவதில்லை. எல்லோருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிடுகிறார். படிப்பும் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருப்பவர் தம் உடம்பைக் கூர்ந்து கவனிக்கக் கற்றிருக்கிறார். ஆக, ஒருவர் தம் உடல்நிலையைப் பற்றிச் சொல்லும் பதிலில் அவருடைய உடம்பும் இருக்கிறது, அவர் வாழும் உலகமும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை நாட்டுக்கு நாடு, இனத்துக்கு இனம் ஒப்பிடும் ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் நினைவில் வைக்கவேண்டியது இதுதான்.

2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 6.7 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இந்தியாவில் மட்டும் புதிய நோயாளிகள் சுமார் 1.92 லட்சம், இறந்தவர்கள் 98,000-க்கு மேல். சிகிச்சை முன்னேற முன்னேற, நோயோடும் நோய் தீர்ந்த பின்னும் பல்லாண்டு வாழும் பெண்கள் பெருகி வருகிறார்கள். அதனால் எத்தனை நாள் வாழ்வார் என்ற கேள்வியோடு, அந்த நாட்களை எப்படி வாழ்வார் என்ற கேள்வியும் மருத்துவத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. விடை தேடும் ஆய்வுகள், இந்தச் சமூகத்துப் பெண்களின் மதிப்பெண் அதிகம், அந்தச் சமூகத்துப் பெண்களின் மதிப்பெண் குறைவு என்று கண்டு, வேறுபாட்டுக்குப் பண்பாட்டைக் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இது அவசர முடிவு என்பதே என் வாதம். அந்த வேறுபாட்டில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அளவுகோலின் வேறுபாடு. இரண்டு, வசதியின் வேறுபாடு. மூன்றாவதுதான் பண்பாட்டின் வேறுபாடு. முதல் இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் பண்பாடு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

அளவுகோலிலிருந்து தொடங்குவோம். உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத்தரத்துக்கு ஒரு வரையறை தந்தது. ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுக்கும் மதிப்பீடுகளுக்கும் நடுவில், தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் வைத்துத் தம் வாழ்வைத் தாமே எப்படிக் காண்கிறார் என்பதே வாழ்க்கைத்தரம் என்றது அந்த வரையறை. அதை அளக்கும் கேள்வித்தாளை உருவாக்க 15 மையங்கள் சேர்ந்து உழைத்தன. புது தில்லியும் சென்னையும் அவற்றில் இருந்தன. பல பண்பாடுகளிலிருந்தும் ஒரே சமயத்தில் கேள்விகளைத் திரட்டிய முயற்சி அது. புற்றுநோய்க்கென்று இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படும் தாள் வேறு. ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி, சிகிச்சை அமைப்பு 1993-இல் வெளியிட்ட க்யூ.எல்.க்யூ.-சி30 அது. அதில் 30 கேள்விகள்: நடக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா, வாந்தி உண்டா, கவலை உண்டா, குடும்ப வாழ்க்கைக்கு இடைஞ்சலா என்று போகும். மார்பகப் புற்றுநோய்க்காக 1996-இல் இன்னும் 23 கேள்விகள் சேர்ந்தன. உடலழகு குறைந்ததாகத் தோன்றுகிறதா, ஆடையில்லாமல் தம் உடம்பைத் தாமே பார்ப்பது கடினமாக இருக்கிறதா, தாம்பத்திய நாட்டம் எப்படி, முடி கொட்டியது வருத்தியதா, கை வீங்கியதா என்பவை அவற்றில் சில. பெரும்பாலான கேள்விகளுக்கு ‘இல்லவே இல்லை’ என்பதிலிருந்து ‘மிக அதிகம்’ என்பது வரை நான்கு படிகளில் ஒன்றைக் குறிக்கவேண்டும். பதில்கள் கூட்டப்பட்டு, 0 முதல் 100 வரையிலான எண்ணாக மாறுகின்றன.

அந்த எண்ணை நாடு தாண்டி ஒப்பிடும்போதுதான் சிக்கல் எழுகிறது. ஒரு காலத்தில் நெல் அளக்கும் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியிருந்தது. எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் பத்துப் படி நெல்லும் பத்துப் படி நெல்லும் சமம் என்று எவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கேள்வித்தாளிலும் இதே நிலைதான். ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்கா ஆகிய இடங்களின் மாணவர்களை ஒப்பிட்டு 1995-இல் வெளியான ஆய்வொன்றில், கிழக்காசிய மாணவர்கள் நடுப்புள்ளியை அதிகம் தேர்ந்தார்கள். அமெரிக்க மாணவர்கள் இரு கோடிகளையும் அதிகம் தேர்ந்தார்கள். அடக்கத்தைப் பண்பாகக் கருதும் சமூகத்தில் ‘மிக அதிகம்’ என்ற கட்டத்தில் குறியிடுவதே கூச்சம் தரும். இன்னொரு தடையும் உண்டு. தாம்பத்தியம் பற்றிய கேள்விகளை மேற்காசியா உட்பட ஆசியாவில் பல பெண்கள் பதில் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். பதில் தந்த சிலரின் சராசரியை எல்லோருடைய நிலையாக எடுத்துக்கொண்டால் பிழை வரும். மூன்றாவதாக, நோய் நீடிக்கும்போது மனிதரின் உள் அளவுகோலே நகர்ந்துவிடுகிறது. கீமோதெரபிக்கு முன் ‘தாங்க முடியாத களைப்பு’ என்று சொன்ன அதே நிலையை, ஆறு சுற்று முடித்தவர் ‘கொஞ்சம் களைப்பு’ என்று சொல்லக்கூடும். இந்த நகர்வை ஆய்வாளர்கள் நன்கு பதிவு செய்திருக்கிறார்கள். எதிர்பார்ப்பு குறைவாக இருந்தால் திருப்தி எளிதில் வரும். வறுமையில் வாழ்ந்த ஒரு பெண் நல்ல மதிப்பெண் தந்தால், அவர் நன்றாக இருக்கிறார் என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். இதைவிட நன்றாக இருக்கமுடியும் என்று எவரும் அவருக்குக் காட்டவில்லை என்றும் பொருள் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இனி வசதி. 2010 முதல் 2014 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் அமெரிக்காவில் சுமார் 90 சதவீதம். இந்தியாவில் சுமார் 66 சதவீதம். இது 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வின் கணக்கு. இந்தியப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், நோய் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். முற்றிய நோய்க்குப் பெரிய அறுவை, கடுமையான மருந்து, நீண்ட வலி. இப்படிப்பட்டவரின் மதிப்பெண்ணை, ஒரு சென்டிமீட்டர்க் கட்டியை மேமோகிராம் படத்தில் கண்டு அகற்றிக்கொண்டவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பண்பாட்டைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பணத்தின் சுமையோ இன்னும் கொடியது. தென்கிழக்காசியாவின் எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 2015-இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் 29 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 48 சதவீதம் பேரின் குடும்பங்கள் மருத்துவச் செலவில் நொடித்துப் போயிருந்தன. உயிரோடும் பொருளாதாரச் சரிவு இல்லாமலும் இருந்தவர்கள் 23 சதவீதமே. க்யூ.எல்.க்யூ.-சி30 தாளின் 30 கேள்விகளில் பணக்கஷ்டத்தைப் பற்றியது ஒன்றே ஒன்று. தாலிச்செயினை அடகு வைத்த கவலையும், மகளின் கல்லூரிப் படிப்பு நின்ற வேதனையும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்காதவை. அவை ‘கவலை’, ‘தூக்கமின்மை’ என்ற கட்டங்களில் போய் விழுகின்றன. பிறகு ஆய்வாளர் அதைப் படித்து, இந்தச் சமூகத்துப் பெண்கள் மனத்தளவில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்று எழுதிவிடுகிறார்.

இதை ஏழை நாடுகளின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றே குறைவு. அதனால் இறப்பதோ சுமார் 40 சதவீதம் அதிகம். தாமதமாகக் கண்டறிதல், காப்பீட்டுக் குறை, சிகிச்சையில் பாகுபாடு, சில தீவிரக் கட்டி வகைகள் அவர்களிடம் கூடுதலாக இருப்பது என்று பல காரணங்கள் இதில் பின்னிக் கிடக்கின்றன. அந்நாட்டில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களின் வாழ்க்கைத்தர மதிப்பெண் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. வருமானம், கல்வி, காப்பீடு, மருத்துவரோடு பேசும் மொழி ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தபோது அந்த இடைவெளி குறுகியது. அறுவை சிகிச்சைத் தேர்விலும் இதே பாடம் இருக்கிறது. மார்பகத்தைக் காக்கும் அறுவை செய்துகொண்டால் அதன்பின் வாரக்கணக்கில் நாள்தோறும் கதிர்வீச்சுக்குப் போகவேண்டும். கதிர்வீச்சுக் கருவி இருக்கும் நகரம் நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்தால், கூலி வேலையை விட்டுவிட்டு அங்கே தங்க வழியில்லாத பெண் மார்பகத்தையே எடுத்துவிடச் சொல்கிறார். இந்த ஊர்ப் பெண்கள் மார்பக இழப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று அதற்கு விளக்கம் சொன்னால், பேருந்துப் பயணத்தின் தூரத்தைப் பண்பாட்டின் கணக்கில் எழுதுகிறோம்.

இவ்வளவையும் கழித்தபின் ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சுகிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் அரசே மருத்துவச் செலவின் பெரும்பகுதியை ஏற்கிறது. அங்கு வாழும் தெற்காசிய வம்சாவளிப் பெண்களிடம் நடந்த நேர்காணல் ஆய்வுகள், பணத்தால் விளக்கமுடியாத சில கவலைகளை மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றன. நோய் வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் வருவது தடைப்படுமே என்ற அச்சம், தன் உடம்பைவிடச் சமையலும் பிள்ளைகளும் என்ன ஆகுமோ என்ற தவிப்பு, கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டதால் கிடைக்கும் ஆறுதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஐரோப்பாவில் பிறந்த கேள்வித்தாளில் உடலழகுக்கும் பெண்மை உணர்வுக்கும் கேள்விகள் இருக்கின்றன. மகளின் திருமணத்துக்கு ஒரு கேள்வியும் இல்லை. முடி கொட்டுவதை அது ஒரு பெண்ணின் தனிப்பட்ட வருத்தமாகக் கேட்கிறது. பூ வைத்துப் பின்னலிட்ட தலையை மங்கலத்தின் அடையாளமாகக் காணும் ஊரில், முடியின் இழப்பு தெருவுக்கே செய்தி சொல்லிவிடும். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தட்டும் தம்ளரும் தனியாக வைக்கும் வீட்டில், வாந்தி நின்ற பிறகும் அவமானம் நிற்பதில்லை. இவற்றை அளக்க உள்ளூரில் பிறந்த கேள்விகள் வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் இந்தியச் சூழலுக்கென்று தனி வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கி, சோதித்து, 2005-இல் வெளியிட்டது இந்தத் தேவையை உணர்ந்துதான்.

உதவி எந்த வடிவில் வந்தால் பயன்படும் என்பதிலும் பண்பாட்டின் கை இருக்கிறது. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது மேற்கத்திய உளவியலின் ஆழமான நம்பிக்கை. புற்றுநோயாளிகளுக்கான ஆதரவுக் குழுக்கள் பலவும் அதன்மேல் எழுந்தவை. ஷெல்லி டெய்லர், ஹீஜங் கிம் ஆகிய உளவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட பரிசோதனையில் வேறொரு படம் தெரிந்தது. தம் கவலையைச் சொல்லி உதவி கேட்பது ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களின் பதற்றத்தைத் தணித்தது. ஆசிய வம்சாவளியினருக்கோ, கவலையைச் சொல்லாமல் நெருக்கமானவர்களை மனத்தில் நினைத்துக்கொள்வதே அதிகம் பயன்பட்டது. சொல்லி மற்றவருக்கும் பாரம் ஏற்றுகிறோமே என்ற எண்ணம் அங்கே தடையாக நிற்கிறது. அமெரிக்காவில் வாழும் சீன வம்சாவளி மார்பகப் புற்றுநோயாளிகளிடம் எழுத்துப் பயிற்சியை வைத்து நடத்தி 2017-இல் வெளியான ஆய்வும் ஆய்வாளர்களையே வியக்க வைத்தது. உள்ளுணர்வுகளைக் கொட்டி எழுதியவர்களைவிட, நோயையும் சிகிச்சையையும் பற்றிய தகவல்களை மட்டும் எழுதியவர்களின் வாழ்க்கைத்தரம் ஆறு மாதம் கழித்து மேலாக இருந்தது. பேசாமல் இருப்பவரை எல்லாம் மனத்தை அடக்கி வைத்திருக்கும் நோயாளி என்று எண்ணுவது தவறு என்பதை இந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன. பண்பாடு என்று நாம் தயங்காமல் சொல்லத்தக்க வேறுபாடு இது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பண்பாட்டுக்கு இவ்வளவு இடம் உண்டென்றால், நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் மகனிடமோ கணவரிடமோ மட்டும் சொல்லும் நம் வழக்கமும் சரிதானே என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு அமெரிக்க மருத்துவ வரலாறே நல்ல பதில் வைத்திருக்கிறது. 1961-இல் நடந்த கருத்தெடுப்பில் அமெரிக்க மருத்துவர்களில் சுமார் 90 சதவீதம் பேர், புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை. 1979-இல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்புவதாகப் பதிலளித்தார்கள். பதினெட்டு ஆண்டுகளில் தலைகீழாக மாறிய ஒன்றை எந்த இனத்தின் பிறவிக் குணமாகவும் கருத முடியாது. லாஸ் ஏஞ்சலிஸில் 800 முதியவர்களிடம் நடத்தி 1995-இல் வெளியான ஆய்வையும் பார்க்கலாம். பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்லவேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம். வேறுபாடு பெரியதுதான். ஆனால் கொரிய முதியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் உண்மையைச் சொல்லச் சொல்கிறார்கள். அவர்கள் கொரியர் என்பதால் மறைத்தால் பாதிப் பேருக்கு அநீதி. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், இந்த மௌனத்துக்குப் பண்பாட்டை மட்டும் காரணம் காட்டுவதை மறுத்து எழுதியிருக்கிறார். நெரிசல் மிக்க மருத்துவமனையில் நேரமில்லாத மருத்துவர், படிக்காத ஏழைப் பெண்ணால் தாங்கமுடியாது என்ற முன்முடிவு ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஒரே பண்பாட்டுக்குள்ளும் பெண்கள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. 1978-இல் நியூயார்க்கில் மார்பக அறுவைக்கு உட்பட்ட கவிஞர் ஆட்ரி லார்ட், எல்லோரும் அணியும் செயற்கை மார்பகத்தை அணிய மறுத்தார். அதன் காரணங்களை 1980-இல் நூலாகவே எழுதினார். பண்பாட்டை மதிப்பதென்றால் இந்தப் பெண் எதை விரும்புகிறார் என்று இவரையே கேட்பது. இவர் சார்ந்த சமூகத்தின் சராசரியைக் கொண்டு இவருக்காக முடிவெடுப்பது மதிப்பாகாது.

அளவுகோலே ஊருக்கு ஊர் மாறுகிறதென்றால் ஒப்பீட்டையே கைவிட்டுவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. கைவிட வேண்டியதில்லை; எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒரே பெண்ணின் சிகிச்சைக்கு முந்திய பதிலையும் பிந்திய பதிலையும் ஒப்பிடும்போது பண்பாடு மாறுவதில்லை. உள் அளவுகோல் நகர்ந்திருக்குமோ என்ற ஐயத்தையும், முன்பு எப்படி இருந்தது என்பதை இப்போதைய பார்வையில் மறுபடி கேட்டு ஓரளவு தீர்க்கலாம். கை வீக்கத்தை நாடாவால் அளக்கலாம். தோள் எவ்வளவு உயர்கிறது என்பதைக் கோணமாகப் பார்க்கலாம். பதில்களோடு இவற்றைச் சேர்த்துப் படிக்கலாம். சமூகங்களுக்கிடையே ஒப்பிட வேறொரு வழியும் உண்டு. கற்பனை மனிதர் ஒருவரின் நிலையை விவரித்து, அவருக்கு எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள் என்று இரு நாட்டாரையும் கேட்பது அது. கேரி கிங் என்ற அரசியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2004-இல் இதை நிறுவிக்காட்டினார்கள். அரசின் முடிவுகளில் தங்களுக்குச் செல்வாக்கு இருப்பதாக மெக்சிகோ மக்களைவிடச் சீன மக்கள் உயர்வாகச் சொல்லியிருந்தார்கள். கற்பனை மனிதர்களுக்குத் தந்த மதிப்பெண்ணைக் கொண்டு திருத்தியபோது வரிசை தலைகீழானது. புற்றுநோய் ஆய்விலும் இத்தகைய திருத்தம் இல்லாமல் நாடுகளைத் தரவரிசைப்படுத்துவதை நம்பக்கூடாது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. மூவரில் ஒருவர் ஐந்தாண்டுக்குள் இறக்கும் நாட்டில் முதலில் உயிரைக் காப்போம், வாழ்க்கைத்தரத்தைப் பிறகு பார்ப்போம் என்பது அது. உயிர் முதலில் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டும் தனித்தனி வழிகள் என்ற எண்ணத்தில்தான் பிழை. க்யூ.எல்.க்யூ.-சி30 தாளை வெளியிட்ட ஐரோப்பிய அமைப்பின் 30 சிகிச்சைச் சோதனைகளில் பங்கேற்ற 10,000-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளின் தரவுகளைச் சேர்த்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை தொடங்கும்போது அவர்களே சொன்ன உடல் இயக்கம், வலி, பசியின்மை ஆகியவை, மருத்துவர் பதிவு செய்த விவரங்களுக்கும் மேலாக, ஆயுளைக் கணிக்க உதவின. மார்பகப் புற்றுநோயின் பெரும்பான்மை வகைகளில் ஹார்மோன் மாத்திரையைக் குறைந்தது ஐந்தாண்டு தொடர்ந்து விழுங்கவேண்டும். மூட்டு வலியையும் உடம்பு கொதிப்பதையும் பொறுக்கமுடியாமல், யாரிடமும் சொல்லவும் முடியாமல் பல பெண்கள் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. அவர்கள் சொல்லாத வலியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உயிர் காக்கும் வேலையேதான்.

ஆகவே செய்யவேண்டியது தெளிவாக இருக்கிறது. ஒரு சமூகத்துப் பெண்களின் மதிப்பெண் தாழ்ந்திருந்தால், நோய் எந்த நிலையில் கண்டறியப்பட்டது, செலவுக்கு யார் கொடுத்தார்கள், கதிர்வீச்சு மையம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது என்று முதலில் விசாரிக்கவேண்டும். மதிப்பெண் உயர்ந்திருந்தாலும் அதே விசாரணை வேண்டும். குறைந்த எதிர்பார்ப்பில் பிறந்த திருப்தியைச் சாதனையாகக் கொள்ளக்கூடாது. புற்றுநோய்ப் பிரிவுகளில் ஒவ்வொரு வருகையின்போதும், உடன் வந்தவரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, பெண் செவிலியர் ஒருவர் நோயாளியிடம் அவர் பேசும் மொழியிலேயே வலி, தூக்கம், பணம், வீடு, தாம்பத்தியம் ஆகியவை குறித்துச் சில நிமிடங்கள் கேட்டுப் பதிவு செய்யும் நடைமுறை வரவேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யார் உடனிருக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்கவேண்டும். இதற்குப் புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரும் ஒதுக்கப்பட்ட நேரமும் போதும். ‘நம் பெண்கள் பொறுமைசாலிகள், தாங்கிக்கொள்வார்கள்’ என்று சொல்வதை மருத்துவமனைகளும் குடும்பங்களும் நிறுத்தவேண்டும். அவர்கள் எதைத் தாங்குகிறார்கள், எது தாங்கத் தேவையில்லாதது என்பதை அவர்களிடமே கேட்டு, கேட்டதற்கு ஏற்பச் சிகிச்சையை மாற்றியமைப்பது நம் கடமை.